நெவில் சொன்ன பிரமாதங்கள்

என் அக்கா புருஷன் நெவிலைப் பற்றி ஒரே வரியில் சொல்ல வேண்டுமென்றால், சூப்பில் ஈ மிதந்தாலும் அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "பிரமாதம், ரொம்ப தேங்க்ஸ்" என்று சொல்லிக் கிண்ணத்தைக் காலி செய்கிற மனிதர். நான் கட்டிவிடுகிற கதை இல்லை. நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். ஈ உயிரோடுதான் இருந்தது, அதற்குக்கூட நோகாமல் கரண்டியால் தூக்கிக் கைத்துண்டின்மேல் வைத்தார்.

எங்கள் ஊர் இங்கிலாந்தின் வடக்கே, பார்ன்ஸ்லி. ஓய்வு பெறும் வரை நெவில் அங்கே பஸ் ஓட்டினார். எங்கள் பக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்குகிற யாரும் டிரைவருக்கு நன்றி சொல்லாமல் இறங்கமாட்டார்கள். பஸ் தாமதமாக வந்திருக்கலாம், ஹீட்டர் ஓடாமல் விறைத்துப்போயிருக்கலாம், திருப்பத்தில் பாதிப்பேர் மடியிலிருந்த காய்கறி உருண்டு போயிருக்கலாம். இறங்கும்போது நன்றி உண்டு. நெவிலுக்கு வேதம் அதுதான்.

"நாள் பூரா தப்பு என் மேலதான் இருக்கும் கீத். ஒருத்தரும் சொல்லமாட்டாங்க. எல்லாரும் தேங்க்ஸ்னுட்டுப் போவாங்க. அந்த ஒரு வார்த்தை இல்லன்னா மறுநாள் காலைல நான் எந்திரிச்சிருக்கவே மாட்டேன்" என்பார் என்னிடம்.

தனக்குக் கிடைத்த இரக்கத்தை அவர் இந்த நாட்டிலுள்ள எல்லா வெயிட்டர்களுக்கும் வாழ்நாள் முழுக்கத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் அவரைத் திட்டியது ஒரே ஒருத்தி. அது என் அக்கா கிளெண்டா. அப்போது அவள் துணிக்கடையில் வேலை பார்த்தாள். கொட்டுகிற மழையில் நிறுத்தத்தில் நின்று கையை நீட்டியிருக்கிறாள். நெவில் நிறுத்தாமல் போய்விட்டார். இவள் விடுவாளா? செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி, சிக்னலில் நின்ற பஸ்ஸின் கதவைத் தட்டி ஏறி, டவுன் வரும்வரை டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே நின்று திட்டிக்கொண்டு வந்தாள். கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை என்று நெவில் மன்னிப்புக் கேட்டார். அவள் நன்றி சொல்லாமல் இறங்கிப்போனாள். மறுநாள் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். அடுத்த வருஷம் கல்யாணம்.

வாய் இல்லாத மனிதருக்கு வாய் வாய்த்தது, ஊர் கண்படுகிற ஜோடி என்று எங்கள் அப்பா சொல்வார். அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன்.

நெவிலிடம் பாஸ்போர்ட் இருந்ததே இல்லை. ஒவ்வொரு கோடையிலும் காரில் ஃப்ளாஸ்க், மடக்கு நாற்காலி, மழைக்கோட்டு, சாண்ட்விச் டப்பா எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு இந்தத் தீவின் ஏதாவது ஓர் ஓரத்துக்குப் போவார்கள். என் மனைவி என்னை விட்டுப் போன வருஷத்திலிருந்து பின் சீட் எனக்கு. மூன்று பேரும் கடலைப் பார்த்த மாதிரி காரை நிறுத்திக்கொண்டு, மழையில் கண்ணாடியை மூடிவைத்து, டீ குடித்தபடி தெரியாத கடலைப் பார்த்துக்கொண்டிருப்போம். பக்கத்துக் கார்களிலும் அதே காட்சிதான். எங்கள் ஊரில் இதற்கு விடுமுறை என்று பெயர்.

போகிற இடத்திலெல்லாம் கிளெண்டா குறை சொல்வாள். ஆறிய டீயைத் திருப்பி அனுப்புவாள். தலையணை உறையை முகர்ந்து பார்த்து, ஆளைக் கூப்பிட்டு அவரையும் முகரச் சொல்வாள். நெவில் காது சிவக்கக் குனிந்து உட்கார்ந்திருப்பார். பிறகு கழிவறைக்குப் போகிறேன் என்று எழுந்து போய், சமையலறை வாசலில் பரிமாறிய பெண்ணைப் பிடித்து, "அவ சொல்றதை மனசுல வச்சுக்காதம்மா. டீ பிரமாதம்" என்று பூசி மெழுகிவிட்டு வருவார். அக்காவுக்கு இது தெரியாது என்று நானும் நினைத்தேன், அவரும் நினைத்தார்.

போன வருஷம் டெவனில் ஒரு விடுதி. போர்வை ஈரம். விடுதிக்காரி வந்து தொட்டுப் பார்த்து, "ஈரமில்லையே, கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கு, அவ்வளவுதான்" என்றாள். நெவிலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள் அக்கா. தொட்டார். "ஜில்லுன்னுதான் இருக்கு போல" என்றார். மறுநாள் கிளம்பி வரும் வழியில் கடலோரம் காரை நிறுத்தி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா, கண்ணாடியைப் பார்த்தபடியே, நிதானமாகச் சொன்னாள்.

"அடுத்த வருஷம் அக்டோபர்ல நான் பாலின்கிட்ட ஸ்பெயினுக்குப் போலாம்னு இருக்கேன். குளிர்காலம் பூரா அங்கதான். கோடை லீவு எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு டிக்கெட் போடுவேன்."

பாலின் எங்கள் பெரியப்பா மகள். அவளும் ஒரு குளிர்காலம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவள்தான். வசந்தத்தில் பார்ன்ஸ்லி வீட்டை விற்கத்தான் வந்தாள்.

நெவில் என்ன சொன்னார் என்று நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை. முட்டை சாண்ட்விச்சில் மும்முரமாக இருந்தேன். ஏதோ சொன்னார், வைப்பரைப் போட்டார், வண்டியை எடுத்தார்.

ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க மனிதர் தூங்கவில்லை. வாரம் தவறாமல் எனக்கு ஃபோன் வரும்.

"போனா வந்துருவாள்ல கீத்?"

"பாலின் வந்தாளா?" என்று ஒருநாள் எரிச்சலில் கேட்டுவிட்டேன்.  பாவம், அதன்பிறகு ஒரு மாதம் ஃபோனே இல்லை.

அவர் கணக்கு எளிமையானது. அக்காவுக்கு உள்நாட்டு விடுதிகள் அலுத்துவிட்டன, அதனால்தான் ஸ்பெயின். இந்த வருஷ விடுமுறை குறையில்லாமல் அமைந்துவிட்டால் அவள் போகமாட்டாள். எனக்கும் அது சரியென்றே பட்டது. இரண்டு ஆண்கள் சேர்ந்து ஒரு பெண்ணின் மனதைக் கணித்தால் வேறெப்படி இருக்கும்?

தேனிலவுக்குப் போன ஹோட்டலையே பிடித்தார். யார்க்‌ஷயர் கடற்கரையில், மேட்டின்மேல், ஒரு காலத்தில் வாசலில் சீருடைக்காரர் நின்ற ஹோட்டல். பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே வேலை பார்க்கிறவள் நல்லவள்.

போய் இறங்கினால் வரவேற்பில் ஆள் இல்லை. மேஜையில் மணி இருந்தது, அடித்தால் சத்தம் வரவில்லை. சுவரில் ஒரு பெட்டி, அதில் எண்களை அழுத்தினால் சாவி விழும் என்று ஒட்டியிருந்தார்கள். என்ன எண்கள் என்று ஒட்டியிருந்த காகிதத்தில் தண்ணீர் பட்டு மை ஊறியிருந்தது. நெவில் அழுத்தி அழுத்திப் பார்த்தார், பெட்டி கீச்சென்று கத்தியது. அவர் பெட்டியிடம் மன்னிப்புக் கேட்டார். சத்தியமாகக் கேட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். இந்நேரம் அவள் அந்த மணியை எடுத்துச் சுவரில் அடித்திருக்க வேண்டும். அவள் துணிப்பெட்டியின்மேல் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கைகளை ஏப்ரனில் துடைத்தபடி ஒருத்தி ஓடிவந்தாள். ஷெரில். ஐம்பதைத் தாண்டியவள், முகமெல்லாம் வேர்வை. "மன்னிச்சுக்கோங்க கண்ணுங்களா, மேல படுக்கை போட்டுட்டு இருந்தேன்" என்றாள். சாவி கொடுத்ததும் அவள்தான், பெட்டி தூக்கியதும் அவள்தான். கொஞ்ச நேரம் கழித்துக் கீழே போனால் மதுக்கவுண்டரில் நின்றவளும் அவளே. மாலை சாப்பாட்டுத் தட்டோடு வந்ததும் அவளே. எங்கள் நாட்டு ஹோட்டல்களில் இப்போது இப்படித்தான். கட்டடம் பெரிதாக இருக்கும், உள்ளே ஒரே ஒரு ஆள் ஓடிக்கொண்டிருப்பார்.

அறையில் குளியல் குழாய் ஒழுகியது. நெவில் தன் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டிவிட்டு, "பாத்தியா, சரியாப்போச்சு" என்றார். காலையில் சாப்பாட்டு அறைக்குப் போனால் பூட்டியிருந்தது. காலை உணவு எங்கள் அறைக் கதவின் கைப்பிடியில் காகிதப் பையில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு வாழைப்பழம், அமுக்கினால் அமுங்கியபடியே இருக்கிற ஒரு மஃபின், ஆப்பிள் சாறு. முட்டை, பேக்கன், தொத்திறைச்சி என்று தட்டு நிறைய வரும் என்று குளிர்காலம் முழுக்கக் கனவு கண்டவர் நெவில். பையைக் கையில் வைத்துக்கொண்டு நடைபாதையில் நின்றார்.

"பிக்னிக் மாதிரி இருக்குல்ல?" என்றார் அக்காவைப் பார்த்து.

"ம்" என்றாள் அக்கா.

 என் அக்கா 'ம்' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. பிறந்ததிலிருந்து அவள் வாயைக் கேட்டு வளர்ந்தவன் நான். அவள் திட்டுகிறவரை பயமில்லை. திட்டுகிறாள் என்றால், இன்னும் சரியாகும் என்று நம்புகிறாள் என்று அர்த்தம்.

அன்று டீக்கடை தேடிப் போனோம். 'செவ்வாய், புதன் விடுமுறை' என்று பலகை. பப்புக்குப் போனோம். "கிச்சன் மூடியாச்சு கண்ணு, ஆள் இல்ல, சிப்ஸ் பாக்கெட் வேணா இருக்கு" என்றார் அந்த ஆள். அடுத்த பப்பில் இடமிருந்தது, எல்லா மேஜையும் காலி, ஆனால் முன்பதிவு செய்யாமல் உட்கார முடியாதாம். நெவில் ஒவ்வொரு இடத்திலும் "பரவாயில்ல, ரொம்ப தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து அக்காவின் முகத்தைப் பார்த்தார். அவள் குடையை விரித்துக்கொண்டு காரை நோக்கி நடந்தாள். திட்டவில்லை. கடலோரம் காரில் உட்கார்ந்து சிப்ஸ் பாக்கெட்டை மூன்றாகப் பங்குபோட்டுக்கொண்டோம்.

மறுநாளும் மழை. நெவில் என்னை மெல்லக் கார் நிறுத்துமிடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

"கீத், அவ டிக்கெட் போட்டுருவா. பேசவே மாட்டேங்கறா. நேத்து ராத்திரி பெட்ஷீட்ல ஓட்டை இருந்துச்சு. என் கால் உள்ள போயிருச்சு. அவ பாத்தா. ஒண்ணும் சொல்லலை!"

"அப்ப நீ சொல்லு."

"நானா?"

"நீதான். ஒரு தடவை. அவ பக்கம் நிக்கறேன்னு காட்டு. ஷெரில் வந்து எல்லாம் சரியா இருக்கான்னு கேப்பா. 'இல்ல'ன்னு சொல்லு. ஒரே ஒரு வார்த்தை."

"ஷெரில் என்ன பண்ணுவா பாவம். பஸ் லேட்டுன்னா டிரைவரையா திட்டறது?"

"டிரைவரைத் திட்டினவளைத்தானே கட்டிக்கிட்டே?"

அவர் காரின் பக்கக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டு "இல்ல, சரியா இல்ல" என்று சொல்லிப் பார்த்தார். ஒரு தடவை சொல்லும்போது கூடவே "மன்னிக்கணும்" வந்துவிட்டது. இன்னொரு தடவை முடிவில் "தேங்க்ஸ்" வந்தது. பக்கத்துக் காரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த வயதான தம்பதி எங்களைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.

அன்று மாலை சாப்பாட்டு அறை ஓரளவு நிரம்பியிருந்தது. எல்லாரும் எங்கள் வயதொத்த ஜோடிகள்தான். எல்லாரும் கிசுகிசுவென்று பேசி, முள்கரண்டி தட்டில் படாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு ஃபிஷ் பை வந்தது, மீனை மசித்த உருளைக்கிழங்கால் மூடிச் சுடுகிற பண்டம். மேலே உருளைக்கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது. நெவில் கரண்டியை உள்ளே விட்டார், கரக் என்றது. நடுவில் மீன் ஐஸ் கட்டியாக இருந்தது.

அக்காவும் தன் தட்டில் கரக் என்ற சத்தத்தைக் கேட்டாள். கரண்டியை எடுத்தாள், விளிம்பில் வெந்திருந்த பகுதியை மட்டும் சுரண்டித் தின்ன ஆரம்பித்தாள். அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

ஷெரில் மேஜை மேஜையாக வந்தாள். "எல்லாம் சரியா இருக்கா கண்ணுங்களா?" "பிரமாதம்." அடுத்த மேஜை. "பிரமாதம், தேங்க்ஸ்." அடுத்தது. "ரொம்பப் பிரமாதம்." எங்கள் மேஜைக்கு வந்தாள்.

"எல்லாம் சரியா இருக்கா கண்ணு?"

நெவில் கைத்துண்டை முறுக்கினார். நான் மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தேன்.

"இல்ல" என்றார்.

அறையில் எல்லாக் கரண்டிகளும் நின்றன.

"என்ன கண்ணு?"

"இல்ல. சரியா இல்ல. மீன் ஐஸா இருக்கு. குழாய் ஒழுகுது, என் கைக்குட்டையைக் கட்டி வச்சிருக்கேன். பெட்ஷீட்ல ஓட்டை. காலைல பையைத் தொங்க விடறீங்க, குதிரைக்குக் கட்டற மாதிரி."

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அணையை யாராவது கொஞ்சமாகத் திறக்க முடியுமா? எழுந்து நின்றுவிட்டார். ஷெரிலைப் பார்த்துப் பேசவில்லை, எங்கேயோ பார்த்துப் பேசினார். வேல்ஸில் ஒரு விடுதியில் படுக்கையின் நடுவில் பள்ளம் என்றார். ஸ்காட்லாந்தில் கஞ்சி கரண்டியோடு ஒட்டிக்கொண்டது என்றார். எப்போதோ, எந்த ஊரிலோ, வறுத்த கோழிக்குள் பிளாஸ்டிக் பை இருந்தது என்றார். "சூப்புல ஈ!" என்று கத்தினார். "போன வருஷம் டெவன்ல போர்வை ஈரம்! சொதசொதன்னு ஈரம்!"

பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்து, "மன்னிச்சுக்கம்மா, உன்னைச் சொல்லலை" என்று உட்கார்ந்தார்.

ஷெரில் பக்கத்து நாற்காலியை இழுத்து அவளும் உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"சமையக்காரரு ஈஸ்டருக்கு முன்னாடியே போயிட்டாரு" என்றாள். "ஃப்ரீசர்லேர்ந்து எடுத்து எடுத்து நான்தான் மைக்ரோவேவ்ல வைக்கிறேன். ஆள் போடுங்கன்னு முதலாளிகிட்டச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. 'எதுக்கு? வர்றவங்க எல்லாரும் பிரமாதம்னுதானே சொல்லிட்டுப் போறாங்க'ன்றாரு. நான் என்ன சொல்றது? சொல்றீங்கதானே எல்லாரும்!"

கடைசி வாக்கியத்தை அறை முழுக்கப் பார்த்துச் சொன்னாள். ஜன்னலோரத்து மனிதர் தொண்டையைக் கனைத்தார். "எங்க மீனும் கொஞ்சம்... உள்ள..." என்றார். அவர் மனைவி, "கொஞ்சமா? கல்லு!" என்றாள். ஒரு மூலையிலிருந்து ஹீட்டர் என்று குரல் வந்தது. இன்னொரு மூலையிலிருந்து வாழைப்பழம் என்று வந்தது. ஷெரில் ஏப்ரன் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு, "இருங்க, இருங்க, ஒவ்வொருத்தரா" என்று எழுந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் எதிர்பார்க்கவில்லை.

நெவில் வெற்றி பெற்ற மாதிரி அக்காவைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அக்காவின் முகம் கல்லாக இருந்தது.

"போர்வை ஈரமா இருந்துச்சா?" என்றாள்.

"இருந்துச்சு கண்ணு. நீ சொன்னது சரி."

"அப்பவே தெரியுமா உனக்கு?"

"தொட்டுப் பாத்தேனே. தெரியும்."

அவள் கரண்டியைத் தட்டில் நேராக வைத்தாள். மேஜையிலிருந்த கார்ச் சாவியை எடுத்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வெளியே போனாள். மழைக்கோட்டுகூட எடுக்கவில்லை.

"போயிடப் போறா கீத்" என்றார் நெவில். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிடப் போறா."

நானும் அதைத்தான் நினைத்தேன். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மழையில் ஓடினேன். கார் இருந்த இடத்தில்தான் இருந்தது, கடலைப் பார்த்தபடி. அக்கா டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கோடை மாலை வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. நெவில் சுற்றிப்போய், அவர் வாழ்நாளில் உட்காராத இடது சீட்டில் உட்கார்ந்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். ஏறியிருக்கக் கூடாதுதான். ஆனால் வெளியே மழை, அதுவுமில்லாமல் அது என் சீட்.

கண்ணாடியில் ஆவி படிந்தது. யாரும் துடைக்கவில்லை.

"மூக்குக்கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்தேன்" என்றாள் அக்கா. "டெவன்ல. நீ அந்தப் பொம்பளைகிட்டச் சொல்லிட்டு இருந்தே. 'அவளுக்கு எப்பவும் இப்படித்தான், எதையாவது சொல்லிக்கிட்டே இருப்பா, எல்லாம் பிரமாதமா இருக்கு'ன்னு. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னேன்."

நெவில் முகத்திலிருந்த மழைநீரைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தனை இடத்துல நெவில்?"

அவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்து, பாதியில் கையை மடக்கிக்கொண்டார். 

"நான் பாட்டுக்குப் பைத்தியக்காரி மாதிரி ஒவ்வொரு ஊர்லயும் சண்டை போட்டுட்டு இருந்திருக்கேன். ஒரு வேளை நமக்குத்தான் நாக்கு சரியில்லையோ, மூக்கு சரியில்லையோன்னு ராத்திரி படுத்து யோசிச்சிருக்கேன். நீ பக்கத்துல ஈரப் போர்வையைப் போத்திக்கிட்டுக் குறட்டை விட்டே."

"அவங்க மனசு நோகுமேன்னுதான்..."

"என் மனசு?"

 எனக்கு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது.

"அன்னிக்கு இதே காருல உட்காந்து ஸ்பெயினுக்குப் போறேன்னு சொன்னேன். அதுக்கு நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?"

நெவில் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லு."

"பிரமாதமா இருக்கும் கண்ணுன்னு சொன்னேன்."

"ஆமா. சொல்லிட்டு வைப்பரைப் போட்டே."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு வருஷமாக இந்த மனிதர் ஹோட்டல் ஹோட்டலாகத் தேடிக்கொண்டிருந்தார். அவள் ஒரு வருஷமாக அந்த ஒரு வார்த்தையை மென்றுகொண்டிருந்தாள்.

நெவில் கார்க் கதவின் பிடியைப் பற்றிக்கொண்டார், ஓடுகிற வண்டியில் பிடித்துக்கொள்கிற மாதிரி.

"பிரமாதமா இருக்காது" என்றார். "போகாதே கிளெண்டா. எனக்குப் பிடிக்கலை. ஒரு நாள்கூடப் பிடிக்கலை. பாலின் ஒழிஞ்சு போகட்டும், அவ வெயிலும் ஒழிஞ்சு போகட்டும். நீ போயிட்டா ரெண்டு கப்புல டீ போட்டுட்டு நின்னுட்டிருப்பேன். என்னை யாரு திட்டுவா? எனக்குப் பயமா இருக்கு."

சொல்லிவிட்டு அழுதார். என் அக்கா புருஷன் அழுது நான் பார்த்ததில்லை. தன் அம்மாவின் இறுதிச் சடங்கில்கூட, பாதிரியாரிடம் பிரசங்கம் பிரமாதம் என்று சொல்லிவிட்டு வந்தவர்.

அக்கா அவரைத் தேற்றவில்லை. கீழே கிடந்த ஃப்ளாஸ்க்கை எடுத்து, மூடியில் டீயை ஊற்றி நீட்டினாள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாங்கிக் குடித்தார்.

"எப்படி இருக்கு?" என்றாள்.



"ஆறிப்போச்சு" என்றார் நெவில். பிறகு தைரியம் வந்து, "சர்க்கரையும் பத்தலை" என்றார்.

"மத்தியானம் போட்டது ஆறாம என்ன செய்யும்?" அவள் குரலில் ஏதோ ஒன்று அசைந்தது. கை நீட்டிக் கண்ணாடியிலிருந்த ஆவியை விரலால் ஒரு கோடு துடைத்தாள், கடலில் ஒரு கீற்றுத் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொண்ணு கேக்கறேன். உண்மையைச் சொல்லு."

"கேளு."

"அன்னிக்கு பஸ்ஸு. நான் மழையில கை காட்டிட்டு நின்னேன். நிஜமாவே கண்ணாடியில ஆவியா?"

நெவில் திரும்பி என்னைப் பார்த்தார், காப்பாற்று என்கிற மாதிரி. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இல்ல" என்றார். "நல்லாத் தெரிஞ்சே. லேட்டாயிருச்சு. ஒருத்திதானே நிக்கறா, அடுத்த பஸ்ல வரட்டும்னு போயிட்டேன்."

என் அக்கா மெதுவாக அவர் பக்கம் முழுக்கத் திரும்பினாள்.

"ஒருத்திதானேன்னா?" என்றாள். "அடப்பாவி. செருப்பைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடி வந்தேனே! அந்தப் பச்சைக் கோட்டு அன்னிக்கோட போச்சு! ஒரு வாரம் காய்ச்சல்ல கிடந்தேன்! ஆவியாம் ஆவி! அதை நம்பித்தானே உன்னைக் கட்டிக்கிட்டேன்? உங்கம்மாகிட்டகூடச் சொன்னேனே, 'பாவம், கண்ணாடி தெரியலையாம்'னு! அந்தம்மாவுக்கும் தெரியுமா? தெரியுமா? சொல்லு! அப்புறம் அந்தக் கோழிக்குள்ள பிளாஸ்டிக் பை, அது எந்த ஊரு? அது எனக்குப் போட்ட தட்டா, உன் தட்டா? வாயைத் திற!"

அந்த வாரத்திலேயே முதல் முறையாக என் அக்கா திட்ட ஆரம்பித்துவிட்டாள். நெவில் டீ மூடியைக் கையில் பிடித்தபடி, ஒவ்வொன்றுக்கும் உண்மையைச் சொல்லிச் சொல்லி மேலும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். நான் பின் சீட்டில் சாய்ந்துகொண்டேன்.  இத்தனை வருஷத் திட்டுப் பாக்கி கிடக்கும்போது, அதை வசூலிக்காமல் என் அக்காவாவது ஸ்பெயினுக்குப் போவதாவது.